நாலு மூலையிலும் ஓட்டை

அத்தியாயம் 6

காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முப்பத்தெட்டாவதிலேயே ஸ்டீபனின் வயிறு ராஜினாமா கொடுத்துவிட்டது. மீதி முப்பத்திரண்டையும் அவன் எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் துணைக்குக் கூப்பிட்டபடி கடந்தான். பக்கத்து இருக்கையில் கிருஷ்ணகுமாரி மேடம் நிம்மதியாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மேடம், தப்பு பண்றவங்க சமதரையில குடியிருக்கக் கூடாதா?”

“இருந்தா நீ பஸ்லயே தூங்கிருவ. கடலை வேணுமா?”

ஸ்டீபன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

கிருஷ்ணகுமாரி இருபத்தெட்டு வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். இவர் நாமக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தார். பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தே அனுப்பியவன் காலையில் சாப்பிட்டானா இல்லையா என்று சொல்லிவிடுவார் என ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் அவருடைய ஒரே உதவியாளனான ஸ்டீபன்தான்.

மலைமேல் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள். அரியூர் நாட்டில், பலாத் தோப்பின் ஓரத்தில் இருந்தது கலைமணியின் வீடு. இருபத்து மூன்று வயசுப் பெண். டேப்லெட்டில் படம் வரைந்து, செம்மேட்டில் அச்செடுத்து, இணையத்தில் விற்கிறாள். இவர்களை வரச்சொல்லிக் கூப்பிட்டவளும் அவள்தான்.

“எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணுங்க மேடம். என்ற படத்தை வாங்குற ராதிகா யாருங்க?”

“வாங்குற புண்ணியவதியைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிலையமா? வாங்காதவங்களைப் புடிக்கணும்னா இன்னும் சுலபம். மொதல் ஆளு நானே இருக்கேன்,” என்றான் ஸ்டீபன்.

அந்த நேரம் பார்த்துக் கலைமணியின் அம்மா சென்னம்மாள் டீத்தட்டோடு வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டீபனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அடுத்து அவன் சொல்ல வைத்திருந்த ஜோக் தொண்டையிலேயே நின்றுகொண்டது. அப்படியே அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். ஓட்டின் மேல் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்த குரங்கு ஒன்று சுளையைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் பின்பக்கம் இறங்கிப் போனது. அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கலைமணி குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். காணும் பொங்கலன்றைக்கு அப்பா சின்னராசுவிடம், “இனிமே படம் வரையறதுதான் என்ற தொழில்” என்று சொல்லியிருக்கிறாள். அவர் முறைத்த முறைப்பில் அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னது ரொம்பக் கொஞ்சம்: “நூறு படம். அன்னியன் வாங்கணும். சொந்தக்காரன் பாவம்னு வாங்கறது வியாபாரமில்ல. ஜூன் கடைசி வரைக்கும் டயம்.” முடியாவிட்டால் சென்னையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் புடவை பார்டர் வரையும் வேலைக்குப் போயாக வேண்டும். இன்று ஜூன் முப்பது. மாலை ஐந்து மணிக்குக் கடைக்காரர் போன் செய்வார், வருகிறாளா இல்லையா என்று கேட்க.

“இதுவரைக்கும் எத்தனை போயிருக்கு?”

“நூத்தி நாலுங்க.”

“அட, ஜெயிச்சாச்சு! எங்களுக்கு எதுக்கு எழுபது வளைவு?” ஸ்டீபனுக்குக் குரல் திரும்பிவிட்டது.

“அதுல எண்பத்தொன்னு ஒரே ஆளுக்குங்க. ராதிகா, பாவாயி டீக்கடை, காரவள்ளி. எல்லாமே ஒரே படமுங்க.”

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். ஸ்டீபன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். படம் முழுக்க ஒரு முகம். முடிச்சுப் போட்ட புருவம், பிதுங்கிய கண், இறுகிய தாடை, சற்றே உப்பிய வலது கன்னம். கீழே ‘கோபம்’ என்று தலைப்பு.

“யாரும்மா இந்த மகராசன்?”

“எங்கப்பாங்க. அன்னைக்கு முறைச்சாரில்ல, அழுதுகிட்டே வரஞ்சனுங்க.”

மகராசனின் அசல் அப்போதுதான் குரங்கு விரட்டும் கவட்டையோடு தோப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. அரியூர் நாட்டில் சின்னராசு நடந்து வந்தால் நாய்கூட ஓரமாகக் குரைக்கும் என்பார்கள். “இந்த வருசம் என்ன எழவோ, குரங்கு மொத்தமும் என்ற தோப்புலயே குடியிருக்குது,” என்று பொதுவாகத் திட்டிவிட்டு உட்கார்ந்தார். தட்டிலிருந்து முறுக்கை எடுத்து டீயில் போட்டார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நாலு நிமிஷம் ஊறவிட்டார். பிறகு எடுத்து இடது பக்கமாக ஒதுக்கிச் சாப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டை எட்டிப் பார்த்தது. மேடம் பார்ப்பதைக் கண்டதும் அதை உள்ளே தள்ளிவிட்டு எழுந்து போனார்.

“பாத்தீங்களா மேடம்? பார்சல் ரசீது!” என்று ஸ்டீபன் கிசுகிசுத்தான்.

கலைமணி தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கும் அந்த சந்தேகந்தானுங்க. வாராவாரம் செவ்வாய்க்கிழமை யாருகிட்டயும் சொல்லாம கீழ போறாருங்க. நான் சென்னைக்குப் போறது அவருக்குத் தாங்காது, வாயைத் தொறந்து சொல்லவும் மாட்டாரு. அதான் அவரே திருட்டுத்தனமா வாங்குறாரோன்னு. அப்படின்னா நான் தோத்தவதானுங்களே? தெரியாத மாதிரி இருந்துக்கிட்டு, வரலைன்னு போன்ல சொல்ல எனக்கு வாய் வராதுங்க.”

ஸ்டீபனுக்கு முதல் முறையாகக் கிண்டல் ஒன்றும் தோன்றவில்லை. பாவம், ஜெயித்த பந்தயத்தைத் தோற்றாலும் பரவாயில்லை என்று ஆள் வைத்துத் தேடுகிற பெண்ணை அவன் பார்த்ததே இல்லை.

செம்மேட்டில் அச்சுக்கடை வைத்திருந்த முருகானந்தம், படம் விற்பது எப்படி என்று யாராவது கேட்க மாட்டார்களா என ரொம்ப நாளாகக் காத்திருந்தவர் போலிருந்தது. மேடம் கேட்டதுதான் தாமதம்.

“சூரியன் உதிக்கிற படம் போவுமுங்க. மறையற படம் போவாது. எவன் ஊட்டுல அஸ்தமனத்தை மாட்டுவான்?”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“ஒன்னுமில்லீங்க, ஒரே படந்தான். பேரை மாத்தி வெச்சன், பதினோரு பேரு வாங்கிட்டாங்க.” குரல் சூடு பிடித்தது. “அருவின்னா தண்ணி ஊட்டுக்குள்ள வர்ற மாதிரி விழோணும். வெளிய போச்சுன்னா லட்சுமியும் கூடவே போயிருவா. குதிரைன்னா ஏழு. ஆறு குதிரை வரஞ்சா ஒருத்தன் தொடமாட்டான். அதோ, அந்தப் பனியில நிக்கிற மிளகுக்கொடி படம், அந்தப் புள்ள மூணு மாசம் ஒக்காந்து வரஞ்சது. பாத்தவங்க எல்லாம் சோபா கலருக்கு ஒத்து வராதுன்னுட்டுப் போயிட்டாங்க.”

ஸ்டீபன் அந்தப் படத்தைப் பார்த்தான். இலை நுனியில் நின்ற ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டால் விரல் நனையும் போலிருந்தது. அவன் வீட்டில் சோபாவே கிடையாது. அதனால் அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

“ராதிகா மட்டும் ஏன் அந்த முறைக்கிற முகத்தை வாங்குறா?” என்றார் மேடம்.

“அதுதாங்க எனக்கும் புரியல. இருவது வருசமா படம் விக்கிறேன், முறைக்கிற மூஞ்சியக் கேட்டு வாங்குன மகராசி இவ ஒருத்திதான்.” முருகானந்தம் போனை எடுத்து ஆர்டரைப் படித்தார். “தண்ணி பட்டாக் கெடாத ஷீட்டு. ரெண்டு பக்கமும் அதே படம். நாலு மூலையிலும் ஓட்டை. கண்ணு மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா.”

“இவ ரசிகை இல்ல மேடம், கண் டாக்டர்,” என்றான் ஸ்டீபன்.

கிருஷ்ணகுமாரி கட்டிவைத்திருந்த பார்சலைத் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், கீழே வைத்தார். “ஸ்டீபா, சுவத்துல படம் மாட்ட எத்தனை ஆணி வேணும்?”

“ஒன்னு.”

“அப்ப நாலு ஓட்டை எதுக்கு? அதுவும் போவட்டும். பின்பக்கம் அச்சடிச்ச படத்தை யாரு பாக்கப் போறா, சுவரா?”

“அவங்கப்பா மாதிரி ஆளு, வாங்கிக் கட்டுக்கட்டா ஒளிச்சு வெப்பாரு மேடம். பாக்கறதுக்கா வாங்குறாரு, மக ஊரோட இருக்கணும்னு வாங்குறாரு. அப்பாதான். நூத்துக்கு நூறு.”

“ஒளிச்சு வெக்கிறவருக்குத் தண்ணி பட்டாக் கெடாத ஷீட்டு எதுக்குடா?”

ஸ்டீபன் அதற்குப் பதில் யோசிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. மலையில் பார்சல் போவது அப்படித்தான். கண்டக்டர் கையில் கொடுத்தால் கீழே உரிய இடத்தில் இறக்கிவிடுவார். பார்சல் கண்டக்டர் பக்கத்தில் ஏறியது. பார்சலுக்குப் பின்னால் மேடம் ஏறினார். படிக்கட்டில் ஒரு கால் வைத்த ஸ்டீபனுக்கு அப்போதுதான் உறைத்தது, மறுபடியும் எழுபது வளைவு என்று.

காரவள்ளியில் பாவாயியின் டீக்கடை வேப்பமரத்தடியில் இருந்தது. கண்டக்டர் பார்சலை பெஞ்சில் போட்டுவிட்டுப் போனார். ஸ்டீபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, ஆனாலும் ஒரு கெத்தோடு, கடைக்காரம்மாவை நெருங்கினான்.

“ராதிகாவைப் பாக்கணும்.”

“அதா, மேயுது பாருங்க.”

வேலியோரம் கழுத்தில் மணி கட்டிய வெள்ளை ஆட்டுக்குட்டி ஒன்று நிமிர்ந்து ஸ்டீபனைப் பார்த்தது. பிறகு, இவனிடம் ஒன்றும் தேறாது என்பது தெரிந்து, மறுபடியும் மேயப் போனது.

“எண்பத்தொரு படம் வாங்குனது இதுவா?”

“எனக்கென்ன சாமி தெரியும்? ஒரு பேரு வேணும்னாங்க. பொம்பளப் பேரா இருந்தா மேல யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு சும்மா இருக்கிற பேரு இவ பேருதான்.” பாவாயி டீயை ஆற்றிக்கொண்டே சாலையைக் காட்டினாள். “கேக்கறதுன்னா அவனைக் கேளுங்க, வந்துட்டான்.”

மரவள்ளிக் கிழங்கைக் கீழே மில்லில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டியவன் முப்பது வயசுக்காரன், பெயர் தமிழ்செல்வன். ராதிகாவின் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பார்சலைத் தூக்கி இருக்கைக்குப் பின்னால் போட்டான். ஸ்டீபன் சினிமா போலீஸ் மாதிரி பாய்வதற்காகச் சட்டைக் கையை மடித்தான். மேடம் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏனுங்க தம்பி, மேல போறீங்களா? இந்தப் பையனுக்கு பஸ் ஒத்துக்க மாட்டேங்குது. எங்களையும் ஏத்திக்கறீங்களா?”

“அதுக்கென்னுங்க, ஏறுங்க. எடப்புளி நாட்டுக்குப் போறேன்.”

ஸ்டீபன் மேடத்தைப் பார்த்த பார்வையை மட்டும் யாராவது வரைந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஒரே நாளில் இருநூற்றுப் பத்தாவது வளைவை நோக்கி அவன் லாரியில் ஏறினான்.

இருக்கைக்குப் பின்னால் பார்சலோடு நைலான் கயிறு கிடந்தது. முழம் முழமாக வெட்டி, நாலு நாலாகக் கட்டி வைத்திருந்தது. மேடம் அதையும் பார்த்தார், வெளியே ஓடிய வாழைத் தோட்டங்களையும் பார்த்தார்.

“இந்த வருசம் காய்ப்பு எப்படிங்க தம்பி? குரங்குத் தொல்லை அதிகமோ?”

“எங்க பக்கம் குரங்கே இல்லீங்க!” தமிழ்செல்வன் உற்சாகமாக ஸ்டீயரிங்கைத் திருப்பினான். “எல்லாம் பள்ளத்தைத் தாண்டி அரியூர் நாட்டுப் பக்கம் போயிருச்சுங்க.”

“அரியூர் நாட்டுல சின்னராசுன்னு ஒருத்தர் இருக்காராமே?”

லாரி ஒரு குலுங்குக் குலுங்கியது. “என்ற மாமனுங்க. ஏனோ எங்க மேல பயங்கரக் கோவம். தையிலிருந்து ஒரு விருந்துக்கு வரலீங்க. கெடா வெட்டுனோம், வரல. தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணுனோம், வந்தாரு, ஒரு வாய் சாப்பிடல, முறைச்சுட்டே ஒக்காந்திருந்துட்டுப் போயிட்டாரு. அவருகிட்ட எதையும் சொல்லவே பயமுங்க.”

மேடம் தனக்குள் சிரித்துக்கொண்டார். லாரி இரைச்சலில் தமிழ்செல்வனுக்குக் கேட்காதபடி ஸ்டீபனின் காதருகே குனிந்தார். “ஸ்டீபா, கலைமணிக்குப் போன் போடு. அப்பாவைக் கூட்டிக்கிட்டு எடப்புளி நாட்டுக்கு வரச் சொல்லு. நாலு மணிக்கெல்லாம் இருக்கணும்.”

ஸ்டீபன் ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போட்டான். மேடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். “குற்றவாளி உங்கப்பாதான், மனசைத் தேத்திக்கோம்மா,” என்று சொந்தச் செலவில் ஒரு வரி சேர்த்துவிட்டு வைத்தான்.

எடப்புளி நாட்டில் தமிழ்செல்வனின் வாழைத் தோப்பு வாசலில் லாரி நின்றது. ஸ்டீபன் தள்ளாடிக்கொண்டு முதலில் இறங்கினான். நாலடி நடந்தான். ஐந்தாவது அடியில் “அம்மாடி!” என்று கத்திக்கொண்டு மேடத்தின் பின்னால் போய் நின்றான்.

வாழைக்கும் வாழைக்கும் நடுவில், பலாவுக்கும் பலாவுக்கும் நடுவில், நாலு மூலையிலும் கயிறு கட்டி, சின்னராசு தொங்கினார். ஒருவர் இல்லை, முப்பது பேர். முன்பக்கம் போனாலும் முறைத்தார், சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாலும் முறைத்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் முப்பது ஜோடிக் கண்கள் ஒன்றாகத் திரும்பின. தோப்பில் ஒரு வாழைக்காயில்கூடப் பல் பட்ட அடையாளம் இல்லை.

“இதுதான் உங்க ரசிகர் மன்றமா தம்பி?” என்றார் மேடம்.

தமிழ்செல்வனின் முகம் வெளுத்துவிட்டது. மறைப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. “வேணும்னு பண்ணலீங்க. மாமன் படமாச்சேன்னு மொதல்ல ஒன்னு வாங்கி ஊட்டுல மாட்டுனேன். கொழந்தை ராவெல்லாம் அழுதுச்சு. சரின்னு கொண்டாந்து வாழையில கட்டுனேன். மறுநா ஒரு குரங்கு வரலீங்க! பட்டாசு வெடிச்சோம் போவல, டின்னு தட்டுனோம் போவல, மாமன் முறைச்சாரு, போயிருச்சு. பக்கத்துத் தோப்புக்காரங்களும் கேட்டாங்க. இப்ப நாடு முச்சூடும் மாமன்தானுங்க காவல். உசுரோட இருக்கிற மனுசனைத் திருஷ்டி பொம்மை ஆக்கிட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சா ஊர்க்கூட்டத்தைக் கூட்டி நிக்க வெச்சுருவாருங்க. அதான் ஆட்டுக்குட்டி பேருல…”

தடதடவென்று மொபெட் சத்தம் கேட்டது. அவன் பேச்சு நின்றது.

கலைமணி ஓட்டி வந்தாள். கண் சிவந்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சின்னராசு இறங்கினார். முதல் முகத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். காற்று வீசியது. முப்பது சின்னராசுகளும் திரும்பி அசல் சின்னராசுவை முறைத்தார்கள்.

ஸ்டீபன் லாரியில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்த ‘குற்றவாளி இங்கேயே நிற்கிறார்’ வசனத்தை மெதுவாக விழுங்கினான்.

“இது என்ற மூஞ்சியா?”

“ஆமாங்ப்பா,” என்றாள் கலைமணி.

“நான் இப்படியா இருக்கேன்?”

எல்லாரும் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் அவர் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தார். தமிழ்செல்வன் லாரியின் மறுபக்கத்துக்குப் போய், “ஊர்க்கூட்டம் மட்டும் வேண்டாமுங்க மாமா,” என்று டயரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தான்.

“என்னைக்கு வரஞ்ச இதை?”

“காணும் பொங்கலன்னைக்குங்ப்பா. இதுதான் என்ற தொழில்னு சொன்னன்ல, அப்ப முறைச்சீங்கல்ல. அந்தக் கோவத்தைத்தான் வரஞ்சன்.”

கிருஷ்ணகுமாரி முன்னால் வந்தார். “ஐயா, இந்தப் பொங்கலுக்குக் கரும்பு கடிச்சீங்களா?”

சின்னராசுவின் கை தன்னையறியாமல் வலது கன்னத்துக்குப் போனது. “உங்களுக்கு யாருங்க சொன்னது?”

“முறுக்குதான் சொல்லுச்சு. நாலு நிமிஷம் ஊற வெச்சு இடது பக்கமா சாப்பிட்டீங்க. படத்துல வலது கன்னம் வீங்கியிருக்கு. தையிலிருந்து கெடா விருந்துக்குப் போறதில்ல. சட்டைப் பையில இருக்கிற அட்டையில பல்லு படம் போட்டிருக்கு, சேந்தமங்கலம்னு எழுதியிருக்கு. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பல் டாக்டர்கிட்டப் போறீங்க.”

ஸ்டீபன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அதே அட்டையை அவனும்தானே பார்த்தான்!

சின்னராசு சுற்றுமுற்றும் பார்த்தார். முப்பது முகங்களும் அவர் வாயைத்தான் பார்த்தன. “கடவாப் பல்லுங்க. கரும்பைக் கடிச்சேன், ரெண்டாப் பொளந்துக்கிச்சு. போறேன், இல்லீன்னு சொல்லல. இருவது தடவை போயிட்டேன். இருவது தடவையும் வாசல் வரைக்கும் போயி, அந்த ஊசியை நெனச்சுக்கிட்டு, எதிர்க்கடையில டீ குடிச்சுட்டு வந்துட்டேன். மலையே என்னையப் பாத்துப் பயப்படுது. நான் ஊசிக்குப் பயப்படறேன்னு தெரிஞ்சா மானம் போயிருமுங்களே.”

“அப்ப அன்னைக்கு நீங்க என்ற மேல கோவப்படலையாப்பா?”

“உன்ற மேல எதுக்குக் கண்ணு கோவம்? நீ சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோசம். சிரிக்கலாம்னு வாயைத் தொறந்தேன். பல்லுல காத்து பட்டு உசுரு போயிருச்சு. அந்த மூஞ்சிதான் இது. நூறுன்னு சொன்னது உன்னால முடியும்னு தெரிஞ்சுதான். இன்னும் நாலு நல்ல வார்த்தை சேத்துத்தான் சொல்லியிருப்பேன், பல்லு வுடல.”

கலைமணி அந்த முப்பது படங்களையும் மறுபடி பார்த்தாள். ஐந்தரை மாசமாக அப்பாவின் கோபம் என்று நினைத்து ஒவ்வொரு கோட்டையும் அழுதுகொண்டே திருத்தியவள் அவள். கண்ணை இன்னும் பெரிதாக்கச் சொன்னபோது அதையும் செய்தாள். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக நின்றாள். ஸ்டீபன் கண்ணில் ஏதோ தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டான். யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் நேர்மை லேசுப்பட்டதா? கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அடுத்த பிரச்னையைக் கையில் எடுத்தாள். “ஆனா நான் இன்னும் ஜெயிக்கலீங்க மேடம். அன்னியருதானே வாங்கணும்? ஏனுங்க மச்சான், வாங்குனவங்கள்ல நமக்குச் சொந்தமில்லாதவங்க ஒருத்தராச்சும் உண்டா?”

“எப்படிம்மா இருப்பாங்க?” லாரிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “இந்த மலையில கல்லை வீசுனா ஒன்னு பங்காளி மேல வுழும், இல்லாட்டி மாமன் மச்சான் மேல வுழும்.”

மணி நாலு ஐம்பது. கலைமணியின் முகம் வாடியது. எண்பத்தொன்று கழிந்தால் மிச்சம் இருபத்து மூன்றுதான்.

மேடம் லாரியைச் சுற்றிக்கொண்டு போய்த் தமிழ்செல்வனைக் காதைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தார். “தம்பி, பாவம்னு வாங்குனீங்களா?”

“பாவமா? குரங்குக்கு வாங்குனோமுங்க!”

“சொந்தம்னு சொல்லி விலை கொறைச்சுக் கேட்டீங்களா?”

“சொந்தம்னு சொன்னா மாட்டிக்குவோமுங்களே! வாயே தொறக்கல.”

மேடம் சின்னராசுவிடம் திரும்பினார். “சொந்தக்காரன் பாவம்னு வாங்கறது வியாபாரமில்லன்னு சொன்னது நீங்க. இவங்க பாவமும் பாக்கல, சொந்தமும் கொண்டாடல, பேரமும் பேசல. சொந்தக்காரன் இப்படிப் பண்ணி எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? தீர்ப்பை நீங்களே சொல்லுங்க.”

சின்னராசு தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் கண் தோப்பில் இருந்தது. குலை குலையாக வாழை. ஒன்றில்கூடக் கடி இல்லை. அவர் மெதுவாகப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தன் தோப்பு இருக்கும் திசையைப் பார்த்தார்.

“ஏண்டா தமிழு, இங்க இருந்த குரங்கெல்லாம் எங்கடா போச்சு?”

தமிழ்செல்வன் வானத்தைப் பார்த்தான்.

“அடப்பாவிகளா! என்ற மூஞ்சியைக் காட்டியே தொரத்தி, என்ற தோப்புக்கே அனுப்பிட்டீங்களேடா!”

தமிழ்செல்வன் மறுபடியும் டயர் பக்கம் நகர்ந்தான். சின்னராசு சிரித்துவிட்டார். வாய் கொள்ளாமல் சிரித்தார். உடனே பல்லில் காற்று பட்டது. புருவம் முடிச்சுப் போட்டது, கண் பிதுங்கியது, கன்னம் உப்பியது. தோப்பின் கடைசியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு குரங்கும் அலறிக்கொண்டு ஓடிப் போனது.

“ஜெயிச்சுட்ட கண்ணு,” என்றார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. “எனக்கும் ஒரு பத்து போடு. நாலு மூலையிலும் ஓட்டை வேணும்.”

சரியாக ஐந்து மணிக்கு ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தது. “வரலீங்க. இங்க கைநெறைய வேலை இருக்குதுங்க,” என்றாள் கலைமணி. ஆறு மாசத்தில் அவள் குரல் அவ்வளவு உறுதியாக இருந்ததை அவள் அப்பாவே கேட்டதில்லை.

சும்மா இருந்தால் அது ஸ்டீபன் இல்லையே. “எல்லாஞ்சரி ஐயா. ஆனா உங்க தோப்புக் குரங்கு உங்களைத் தினமும் பாத்துப் பழகுனது. அசலுக்கே பயப்படாததுங்க, அச்சடிச்சதுக்கா பயப்படும்? வேற மூஞ்சில்ல வேணும்?”

நியாயமான கேள்வி. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் தேறவில்லை.

அப்போது கலைமணியின் போன் மறுபடி அடித்தது. ‘அம்மா’ என்று வந்தது. எடுத்தாள். “பொழுது சாயப் போவுது, எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்?” என்ற சென்னம்மாளின் குரல் வெளியே வந்ததும் சின்னராசு முதுகை நிமிர்த்தி நின்றார். தமிழ்செல்வன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான். ஸ்டீபனுக்குக் காலையில் கூரையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிப் போன குரங்கு நினைவுக்கு வந்தது. அவன் கலைமணியைப் பார்த்தான். அவளுக்கும் வந்துவிட்டது. அவள் மெதுவாக டேப்லெட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

“அம்மா, வீடியோவுல வாங்கம்மா. டவர் நல்லா இருக்குது.”

“எதுக்குடி?”

“அப்பாவுக்குக் கடவாப் பல்லு பொளந்து அஞ்சர மாசம் ஆச்சாம்மா. உங்ககிட்டச் சொல்லாம மறைச்சு வெச்சிருக்காரு. டாக்டர் வாசலுக்கு இருவது தடவை போயிட்டு, டீ குடிச்சுட்டு வந்திருக்காரு.”

“அடிப்பாவி மகளே!” என்றார் சின்னராசு.

போனில் சென்னம்மாளின் முகம் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். ஸ்டீபன் மறுபடியும் மேடத்துக்குப் பின்னால் போய்விட்டான். இந்த முறை அங்கே ஏற்கெனவே தமிழ்செல்வன் நின்றுகொண்டிருந்தான்.

“நாளைக்குக் காலைல மொத பஸ்ஸு,” என்றாள் சென்னம்மாள். “நானும் வாரேன்.”

சின்னராசு வலது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார். கலைமணியின் பேனா விறுவிறுவென்று ஓடியது.

“அம்மா, ஒரே ஒரு நிமிஷம். அப்படியே அசையாம இருங்ம்மா.”